களிம்பும் காப்பும்

கடற்கரையில் வாழும் மக்களுக்குப் பொருள்களைக் கெடாமற் காக்கும் கலை புதியதன்று. செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றத்தின் வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்று மாமல்லபுரத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரமாக வடக்கே கோவளம் நோக்கியோ தெற்கே சதுரங்கப்பட்டினம் நோக்கியோ நடப்போமாயின், மீனவர் குப்பங்களை அடுத்த மணற்பரப்பில் நெத்திலியும் காரையும் வாளையும் வெயிலில் உலர்வதைக் காணலாம். சற்றே உள்நாட்டிற் புகுந்தால் கேளம்பாக்கத்துப் பக்கம் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெண்ணிறங் கொண்டு கிடக்கும். மீனையும் உப்பையும் இணைத்துக் கருவாடாக்கும் பெண்டிர் இரசாயன நூல் பயின்றவரல்லர். எனினும், மீனிலுள்ள நீரை வாங்கிவிட்டால் மீன் கெடாது என்னும் உண்மையை அவர்கள் நன்கறிவர். யாம் இக்கட்டுரையிற் சொல்லப்புகுவது முகத்திலும் உடம்பிலும் பூசும் களிம்புகளைப் பற்றியே ஆயினும், அவ்வுண்மையே இதற்கும் கால்கோள் ஆகும்.

இவ்வாண்டு மலருக்கு இப்பொருளைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. நம் மாணாக்கர் ஒருவருடைய பாட்டியார் இளமை முதல் உப்பளத்தில் உழைத்தவர். உப்புநீரில் நின்று நின்று அவர் குதிகாலிற் பித்தவெடிப்பு ஆழப் பாய்ந்திருந்தது. மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். பேரன் அதன் குழாயின்மேல் அச்சிட்டிருந்த சிற்றெழுத்துகளைப் படித்து, ‘மெதில்பாரபென்’ என்னுஞ் சொல்லைக் கண்டு, அதன் பொருளைக் கைப்பேசியில் தேடினார். புற்றுநோய் விளைக்கும் நஞ்சு என்று பலர் எழுதியிருந்ததைப் படித்து நடுங்கி, அக்களிம்பைக் குப்பையில் எறிந்துவிட்டார். பின்னர்க் கடற்கரைச் சாலையில் ஒரு கடையில், ‘இரசாயனம் கலவாதது’ என்றெழுதி விற்கப்பட்ட சோற்றுக்கற்றாழைக் களிம்பு ஒரு குப்பி வாங்கிவந்தார். மூன்றாம் வாரத்தில் அதன் மேற்பரப்பிற் கரும்புள்ளிகள் தோன்றின. மேலாக வழித்தெறிந்துவிட்டு அடியில் இருந்ததைப் பாட்டியார் பூசிக்கொண்டார். காசு கொடுத்து வாங்கிய பண்டத்தை வீணாக்க மனம் வருமோ! வெடிப்பிற் சீழ் பிடித்தது. பத்து நாள் மருத்துவமனையிற் கிடந்து மீண்டார்.

கெட்ட களிம்புதான் காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. வெடித்த குதிகாலுக்குள் கிருமி புகப் பல வழிகள் உண்டு. ஆயினும் இதனைக் கேட்ட எமக்கு ஒரு கேள்வி எழுந்தது. எறியப்பட்ட குழாயில் இருந்த காப்புப் பொருளால் அம்மூதாட்டிக்கு வரக்கூடிய தீங்கு எவ்வளவு? அப்பொருள் இல்லாத குப்பியால் வரக்கூடிய தீங்கு எவ்வளவு? இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டுப் பார்த்தவர் எவரையும் அப்பேரனார் தம் கைப்பேசியிற் கண்டிலர்.

களிம்பு என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும். தேங்காய் எண்ணெயை ஒரு புட்டியில் வைத்தால் நாளடைவில் அதிற் காறல் நாற்றம் ஏறலாம். ஆனாற் பூஞ்சணம் பூப்பதில்லை. எண்ணெயில் நீர் இல்லை. நீரின்றேல் நுண்கிருமி பெருகாது. இக்காலத்துக் களிம்புகளோ பெரும்பாலும் எண்ணெயும் நீரும் பிரியாவண்ணம் ஒன்றுசேர்த்த பால்மங்கள். பல களிம்புகளில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கு நீரே. அந்நீரோடு கொழுப்பும், செடிச்சாறும், சிலவற்றிற் பாலும் தேனும் சேர்கின்றன. கிருமிக்கு இதனினும் நல்ல விருந்து வேறு இல்லை. நம் கடற்கரையின் வெப்பமும் ஈரக்காற்றும் அவ்விருந்துக்கு அடுப்பாகின்றன. நாடோறும் குப்பிக்குள் இடும் விரல் புதிய விருந்தினரை அழைத்துச் செல்கிறது.

நீர் இருத்தல் மட்டும் போதாது. அந்நீர் கிருமிக்குக் கிட்டுதலும் வேண்டும். நீரின் இந்நிலையை நூலோர் ‘நீர்ச்செயற்பாடு’ என்று பெயரிட்டு ஓர் எண்ணால் அளக்கின்றனர். தூய நீருக்கு அவ்வெண் 1. இனிக் கரைய இடமின்றி உப்புக் கரைந்த நீருக்கு அது 0.75. நோய் விளைக்கும் நுண்கிருமிகளிற் பெரும்பாலானவை 0.90-க்குக் கீழே பெருகமாட்டா. பூஞ்சணங்களிற் சில இன்னும் கீழே இறங்கியும் வாழும், 0.6 அளவில் அவையும் ஓய்ந்துவிடும். உப்பு நீரைத் தன்பாற் பிணித்துக்கொள்கிறது. நீர் கண்முன் இருந்தும் கிருமிக்கு அது பாலைவனமே. உப்பளத்தில் முற்றிய பாத்திகளிற் சிற்சில வேளை செந்நிறம் படர்வதையும், சரிவரப் பதப்படாத உப்புமீனிற் சிவப்புக் காணுவதையும் பலர் கண்டிருப்பர். உப்பையே விரும்பி வாழும் ஒருவகைக் கிருமியின் நிறம் அது. எந்தக் காவலுக்கும் தப்புவார் சிலர் உண்டு.

இதில் மாணாக்கர் மனங்கொள்ள வேண்டியது ஒன்று உள்ளது. கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு உப்பு. அந்நீர் உயிர்களால் நிறைந்திருக்கிறது. அதே உப்பை 100 கிராம் நீரில் 36 கிராம் வரை கரைத்தால் மீன் கெடாமற் காக்கிறது. அதே உப்பை நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உண்ணலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. பொருள் ஒன்றே, அளவு வேறானாற் செயலும் வேறாகிறது. உப்பு நஞ்சா அமுதா என்று ஒருவர் வினவினால், எவ்வளவு உப்பு என்று திருப்பிக் கேட்டலன்றி வேறு விடை இல்லை.

அங்ஙனமாயின் களிம்பிலும் உப்பிட்டுக் காக்கலாகாதோ எனின், ஆகாது. வெடித்த தோலில் உப்பு எரியும். பால்மமும் பெரும்பாலும் திரிந்துபோம். சர்க்கரைப் பாகுபோற் கிளிசரினை மிகுதியாகச் சேர்த்தாற் காவல் கிட்டும். பூசியவர் கையிற் பிசுபிசுப்பும் கிட்டும். ஆதலின், மிகச் சிறிய அளவிற் சேர்ந்தே கிருமியைத் தடுக்கவல்ல பொருளொன்று வேண்டியதாயிற்று.

ஊறுகாய்க்கும் பழரசத்துக்கும் பென்சாயிக் அமிலமும் அதன் உப்பும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. அவ்வமிலத்துக்கு ஒரு குறை உண்டு. புளிப்பு மிகுந்த இடத்தில் மட்டுமே அது நன்கு வேலை செய்யும். புளிப்புக் குறைந்தால் அது பிளவுற்று மின்னேற்றம் பெற்றுவிடுகிறது. அந்நிலையிற் கிருமியின் மென்றோலை ஊடுருவ அதனால் இயல்வதில்லை. முகக்களிம்போ ஊறுகாய் போற் புளிப்பாக இருத்தல் கூடாது. 1920-களிற் செருமனியைச் சேர்ந்த சபாலிச்கா என்பார், பென்சாயிக் அமிலத்துக்கு உறவான பாரா-ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலத்தை ஆல்கஹாலோடு சேர்த்துப் பெறும் எஸ்டர்கள் இக்குறை இல்லாதவை என்று காட்டினார். அவ்வெஸ்டர்களே பாரபென்கள். மெதில் ஆல்கஹாலோடு சேர்ந்தது மெதில்பாரபென். எதில், புரோப்பில், பியூட்டில் என்பனவும் அவ்வாறே. ஆல்கஹாலின் கரிச்சங்கிலி நீள நீள, பூஞ்சணத்தை அடக்கும் ஆற்றல் பெருகும். நீரிற் கரையும் இயல்பு குறையும். மெதில்பாரபென் ஒரு பங்கு கரைய 400 பங்கு நீர் வேண்டும். புரோப்பிலுக்கு 2500 பங்கு வேண்டும். கிருமி வாழ்வது நீரில். எண்ணெயில் ஒதுங்கிக்கொண்ட காப்புப் பொருளாற் பயனில்லை. இது கருதியே களிம்பு செய்வோர் மெதிலையும் புரோப்பிலையும் சேர்த்து இடும் வழக்கம் தோன்றிற்று.

பாரபென் நமக்கு அயலாரும் அல்லர். நம் உயிரியல் துறையினர் பழ ஈக்களை வளர்க்கும் குப்பிகளை மாணாக்கர் அறிவர். மக்காச்சோள மாவும், வெல்லமும், ஈஸ்டும், அகாரும் கலந்த அவ்வுணவு இரண்டே நாளிற் பூஞ்சணம் பிடிக்கவேண்டியது. அதனைத் தடுக்க ஆய்வுக்கூடத்தார் சாராயத்திற் கரைத்துச் சேர்க்கும் ‘நிப்பாஜின்’ என்பது மெதில்பாரபென்னே. அதனை உண்டே ஈக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றன. கைதவறி மிகுதியாகச் சேர்த்துவிட்டாற் புழுக்கள் மடிகின்றன என்பதையும் அவ்வகுப்பில் இருந்தோர் அறிவர். பல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஊசியால் ஏற்றும் உணர்வுநீக்கி மருந்துகளில், பலமுறை எடுத்துப் பயன்படுத்தும் குப்பிகளிலும் இப்பொருள் சேர்க்கப்படுவதுண்டு.

இனி அச்சம் எங்கிருந்து தோன்றியது என்று காண்பாம். 1998-இல் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சியொன்று, பாரபென்கள் பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜனைப்போல் மெலிதாகச் செயலாற்றுகின்றன என்று காட்டிற்று. அவற்றுள் வலிமை மிக்கதாகக் கண்ட பியூட்டில்பாரபென்னின் ஆற்றல், உடலிற் சுரக்கும் ஈஸ்ட்ராடையோலின் ஆற்றலிற் பதினாயிரத்தில் ஒரு பங்கே. பின்னர் 2004-இல் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டார்பிரே என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும், மார்பகப் புற்றுக்கட்டிகள் இருபதை ஆராய்ந்து அவற்றிற் பாரபென் இருந்ததைக் கண்டனர். இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. கட்டியிற் கண்டது கட்டிக்குக் காரணம் என்று கேட்டோர் கொண்டனர்.

அவ்வாராய்ச்சியிற் கட்டி இல்லாத மார்பகத் திசு ஒப்புநோக்கப்படவில்லை. திசுவே இடாத வெறுஞ் சோதனைக் கலன்களிலும் சிறிது பாரபென் காணப்பட்டது. பாரபென் புற்றுநோயை உண்டாக்கிற்று என்று அவ்வாராய்ச்சியாளரும் சொல்லவில்லை. மாமல்லபுரத்து மீனவர் எல்லாருடைய உடம்பிலும் உப்புப் படிந்திருக்கும். அவர்களிற் காய்ச்சல் கண்டார் இருபதின்மரை மட்டும் ஆராய்ந்து, உப்பே காய்ச்சலுக்குக் காரணம் என்று சொல்லுதல் அமையுமா? அதற்காக அவ்வாராய்ச்சி வீண் என்பது எம் கருத்தன்று. பூசியது தோலோடு நின்றுவிடுகிறது என்னும் பழைய நம்பிக்கையை அது அசைத்தது. அந்த அளவில் அது செய்த நன்மை பெரிது.

உட்சென்ற பாரபென் யாதாகிறது? தோலிலும் ஈரலிலும் உள்ள நொதிகள் அதனைப் பிளந்து பாரா-ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலமாக்குகின்றன. அது சிறுநீரோடு வெளியேறுகிறது. முழுதும் பிளவுறாமற் சிறிது எஞ்சுவதும் உண்டு. ஜப்பானில் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் இளம் ஆண் எலிகளுக்குப் பியூட்டில், புரோப்பில் பாரபென்களை ஊட்டியபோது விந்தணு குறைந்ததாக ஓர் ஆராய்ச்சியாளர் அறிவித்தார். பின்னர் மிகுந்த கட்டுப்பாட்டோடு வேறிடங்களில் அச்சோதனைகளைத் திருப்பிச் செய்தபோது அக்குறைவு காணப்படவில்லை.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஐரோப்பிய அறிஞர் குழுவினர், ஒருவர் நாள் ஒன்றுக்குத் தலைமுதற் கால்வரை பூசும் காப்பிட்ட அழகுப்பொருள் அனைத்தும் சேர்ந்து 17.4 கிராம் என்று கொள்கின்றனர். அவை யாவற்றிலும் மெதில்பாரபென் சட்டம் விடும் உச்ச அளவாகிய நூற்றுக்கு 0.4 பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 17.4 கிராமில் அது ஏறத்தாழ 70 மில்லிகிராம். அத்தனையும் தோலைக் கடந்து உடலிற் புகுந்துவிட்டதாகவே கொள்வோம். உண்மையில் அங்ஙனம் புகுவதில்லை. உணவு வழியாக வாழ்நாள் முழுதும் நாடோறும் உட்கொள்ளினும் தீங்கில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004-இல் மெதில், எதில் பாரபென்களுக்கு வகுத்த அளவு, உடலெடையில் ஒரு கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம். 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 500 மில்லிகிராம். எல்லாவற்றையும் மிகைப்படுத்திக் கணக்கிட்டும் ஏழில் ஒரு பங்கே தேறுகிறது. பாட்டியார் குதிகாலிற் பூசியிருக்கக்கூடியதோ நாளுக்கு இரண்டு மூன்று கிராம் களிம்பு.

இக்கணக்கு மெதிலுக்கும் எதிலுக்குமே பொருந்தும் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அவ்வாணையம் புரோப்பில்பாரபென்னுக்கு அத்தகைய அளவு வகுக்க மறுத்தது. ஐரோப்பாவில் அது உணவினின்று நீக்கப்பட்டது. அழகுப்பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் புரோப்பில், பியூட்டில் இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 0.14 பங்குக்கு மேற் கூடாது என்று குறைத்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அணையாடை படும் இடத்திற் பூசிக் கழுவாது விடும் பொருள்களில் இவ்விரண்டையும் தடுத்தது. போதிய ஆராய்ச்சிச் சான்று கிட்டாத ஐசோபுரோப்பில், ஐசோபியூட்டில் முதலிய ஐந்தை முற்றும் விலக்கியது. டென்மார்க்கு நாடு அதற்கு முன்னரே, 2011-இல், மூன்று வயதுக்குட்பட்டார் பொருள்களில் புரோப்பிலையும் பியூட்டிலையும் தடைசெய்திருந்தது. 2020-இல் பியூட்டில்பாரபென் சுரப்பிகளின் ஒழுங்கைக் குலைக்கும் இயல்புடையது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டது. 2023-இல் அறிஞர் குழு மெதில்பாரபென்னை மீண்டும் ஆராய்ந்து, 0.4 பங்கு வரை தீங்கில்லை என்று உரைத்தது. ஆதலின், ‘பாரபென்’ என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் நல்லதென்றோ தீயதென்றோ சொல்லுதல், ‘பாம்பு’ என்று ஒரே சொல்லால் சாரையையும் நாகத்தையும் அடிப்பதை ஒக்கும்.

ஒவ்வாமையைப் பற்றியும் ஒரு சொல். தோல் மருத்துவர் பாரபென்னில் ஒரு வியப்பைக் கண்டனர். புண்பட்ட தோலிற் பூசியபோது அரிப்பும் தடிப்பும் கொண்ட சிலர், அதே பொருளை நல்ல தோலிற் பூசியபோது யாதும் உறவில்லை. காலில் ஆறாப்புண் உடையார் காப்புப் பொருள் கலந்த களிம்பை நெடுநாட் பூசுவது நன்றன்று என்பது இதனாற் பெறப்படும். மற்றையோருக்குப் பாரபென்னால் ஒவ்வாமை வருதல் அரிது. எவ்வளவு அரிதெனின், அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கத்தார் ஆண்டுதோறும் ஓர் ஒவ்வாமைப் பொருளுக்குப் பெயர்சூட்டும் வழக்கத்தை மாற்றி, 2019-இற் பாரபென்னை ‘ஒவ்வாமை அல்லாத பொருள்’ என்று விளையாட்டாகச் சிறப்பித்தனர்.

அச்சங்கத்தார் 2013-ஆம் ஆண்டுக்குச் சூட்டிய பெயரே நம் கதைக்கு உரியது. பாரபென் மீதெழுந்த அச்சத்தால் வணிகர் பலர் வேறு காப்புப் பொருள்களை நாடினர். அவற்றுள் ஒன்று மெதில் ஐசோதையசோலினோன். ஐரோப்பாவில் 2005 முதல் அது தனித்து, பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை அனுமதிக்கப்பட்டது. ‘பாரபென் இல்லாதது’ என்று முகப்பிற் பொறித்த பல குப்பிகளின் பின்புறத்தே சிற்றெழுத்தில் இதன் பெயர் இருந்தது. சில ஆண்டுகளில் முகமும் கையும் சிவந்து வீங்கியோர் தோல் மருத்துவர் வாயில்களிற் பெருகினர். 2013-இல் அது அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருள் ஆயிற்று. 2017-இல் ஐரோப்பாவிற் பூசிவிடும் பொருள்களினின்று அறவே விலக்கப்பட்டது. கழுவிவிடும் பொருள்களில் 2018 முதல் 15 பங்காகக் குறைக்கப்பட்டது. மாற்றினால் நன்மை வரும் என்று பார்த்தவர் எத்தனை பேர்? பெயரை மாற்றினால் விற்பனை வரும் என்று பார்த்தவரே மிகுதி என்பது எம் துணிபு.

காப்பின் பெயரால் தீங்கு விளைவதும் உண்மையே. 2018-இற் சென்னை அங்காடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் விற்கப்படுவதாக எழுந்த செய்தி, நம் கடற்கரைக் குப்பங்களின் வாணிகத்தையும் சில நாள் தளர்த்திற்று. பிணத்தைக் கெடாமல் வைக்கும் அப்பொருள் ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசல். மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையாற் கணிக்கப்பட்டது அது. மறு ஆண்டு மார்ச்சில் இராசத்தான் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர், ஜான்சன் குழந்தைகள் ஷாம்பூவின் இரு தொகுதிகளில் ஃபார்மால்டிஹைடு கண்டதாக அறிவித்தனர். நிறுவனத்தார் அதனை மறுத்தனர். பின்னர் மத்திய ஆய்வகத்தின் மறுசோதனையில் அது காணப்படவில்லை என்று தெரிவித்தனர். இடைப்பட்ட நாட்களில், நாடெங்கும் தாய்மார் தம் குளியலறைக் குப்பியைக் கையில் எடுத்து, அதன் முதுகில் உள்ளதைப் படிக்க முயன்றிருப்பர்.

படிக்க இயன்றதா என்பதே வினா. நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருட் சட்டத்தின் கீழ் இவை ஆளப்படுகின்றன. 2020-இல் அழகுப்பொருளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. எந்தக் காப்புப் பொருள் எவ்வளவு சேரலாம் என்பதை இந்தியத் தரநிர்ணயப் பணியகத்தின் 4707 எண்ணுள்ள தரவரிசை கூறுகிறது. சேர்ந்தவற்றின் பட்டியலைக் குப்பிமேல் அச்சிடல் வேண்டும். ஆயினும் 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த நீர்மப் பொருளுக்கும், 30 கிராமுக்குக் குறைந்த கெட்டிப் பொருளுக்கும் குழைவுப் பொருளுக்கும் அப்பட்டியல் வேண்டுவதில்லை. ஷாம்பூவைச் சிற்றுறையில் அடைத்து எளியோரும் வாங்குமாறு செய்ததிற் கடலூர்ச் சின்னிகிருஷ்ணனுக்கும், அவர் வழியில் 1983-இல் தொழில் தொடங்கிய மைந்தர் சி. கே. இரங்கநாதனுக்கும் பெரும்பங்கு உண்டு. தமிழர் செய்த நற்செயல்களுள் அதுவும் ஒன்று. அவ்வுறையை ஒருமுறை கிழித்தால் அன்றே தீர்ந்துவிடுதலின், விரலாற் கிருமி புகும் இடரும் அதிற் குறைவு. ஆனாற் குப்பத்துப் பெட்டிக்கடையிற் சரமாகத் தொங்கும் அவ்வுறைகளையும் சிறு களிம்புக் குழாய்களையும் வாங்கும் பெண்ணுக்கு, தான் பூசுவது யாது என்று அறியும் உரிமை சட்டப்படி இல்லை; பெரிய குப்பி வாங்கும் செல்வர்க்கு உண்டு. அவருக்கும் அது ஆங்கிலத்தில், உருப்பெருக்காடி கொண்டு பார்க்குமாறு அமைந்திருக்கிறது. பாரபென்னைப் பற்றி எழும் கூக்குரலிற் பாதியேனும் இதனைக் குறித்து எழுந்திருக்கலாம்.

நம் முன்னோர் காப்புப் பொருளின்றியே அழகு பேணினரே என்பார் உளர். உண்மை, அவர்கள் நீரின்றிப் பேணினர். பச்சைப்பயறு, கத்தூரிமஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கார்போக அரிசி இவற்றை உலர்த்தி இடித்து வைத்தது நலங்குமா. அதிலே நீர் சேர்வது குளிக்கும் வேளையில், உள்ளங்கையில். சந்தனம் கட்டையாக இருந்தது, வேண்டும்போது இழைத்தனர். கண்மை எண்ணெயிற் குழைந்தது. கருவாட்டுக்கு உரிய அறிவே இங்கும். அந்நலங்குமாவையே நீரிற் கரைத்துக் குப்பியில் அடைத்து மூன்று மாதம் வைத்து விற்றுவிட்டு, ‘முன்னோர் முறை’ என்பது முன்னோர்மேல் ஏற்றும் பழியேயாம். கண்ணுக்கு இடுவதில் இது மிகக் கொடிது. 1970-களில் அமெரிக்காவில், கிருமி புகுந்த இமைமையால் விழியின் முன்படலம் புண்ணாகிப் பார்வைக்கு ஊறு நேர்ந்தோரை மருத்துவர் பதிவு செய்துள்ளனர்.

தோலைப் பேணுவதிற் செங்கற்பட்டுக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. திருமணியில் 1924-இல் எழுந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை, 1955-இல் இந்திய அரசினரின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாயிற்று. உணர்ச்சியற்று வறண்டு வெடிக்கும் பாதங்களுக்குத் தொழுநோய் மருத்துவர் கற்பிக்கும் முறை மிக எளிது. நாடோறும் சிறிது நேரம் பாதத்தை நீரில் ஊறவைத்து, முரட்டுத்தோலை மெல்லத் தேய்த்து, ஈரம் போகுமுன் எண்ணெய் பூசுவது. நீர் தோலுக்குள், எண்ணெய் அதன்மேல் மூடியாக. இரண்டும் ஒரு குப்பியில் நாட்கணக்காகக் கூடியிருப்பதில்லை. ஆதலின் காப்புப் பொருள் வேண்டியதில்லை, பட்டியலும் வேண்டியதில்லை. நம் மாணாக்கரின் பாட்டியார் மருத்துவர் இசைவோடு இப்போது அம்முறையையே கைக்கொள்கிறார் என்றும், பேரனே ஊறவைக்க நீர் எடுத்துவைக்கிறார் என்றும் அறிகிறோம். எண்ணெய் மட்டும் எல்லார்க்கும் போதாது. மருத்துவர் மருந்து கலந்த களிம்பையே தரவேண்டிய வேளைகள் உண்டு. அப்போது அதிற் காப்புப் பொருள் இருத்தல் குறையன்று. வாய் அகன்ற குப்பியினும் குழாய் நன்று. நீர் சேர்த்து இளக்குதல் கூடாது. நிறமோ மணமோ திரிந்ததை வழித்தெறிந்துவிட்டுப் பூசாது, முழுதும் எறிதல் வேண்டும். பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குப் புலப்படாது ஆழச் சென்றிருக்கும்.

எம் சொல்லை நம்பவேண்டுவதில்லை. மாணாக்கர் தாமே செய்து பார்க்கலாம். பச்சைப்பயற்று மாவை நான்கு கண்ணாடிக் கிண்ணங்களில் ஒரே அளவாக இடுக. முதலாவதை உலர்ந்தபடியே விடுக. இரண்டாவதை நீர்விட்டுக் குழைக்க. மூன்றாவதைக் கடல்நீராற் குழைக்க. நான்காவதை உப்பு இனிக் கரையாத அளவு கரைந்த நீராற் குழைக்க. நான்கையும் இறுக மூடி ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் வைத்து, ஏழு நாள் திறவாமல் நாடோறும் காண்பனவற்றை எழுதிவருக. முடிவில் மூடியைத் திறந்து முகர்ந்து பாராமல், ஆய்வுக்கூட உதவியாளரிடம் கொடுத்துக் கொதிநீரிற் போக்கிவிடுக. மூன்றாம் கிண்ணம் இரண்டாவதை ஒத்ததா, நான்காவதை ஒத்ததா என்பதை அறிய யாம் ஆவலாயுள்ளோம். அடுத்த மலருக்கு எழுதியனுப்புவோர், நாளும் வெப்பமும் குறித்தனுப்புக.